ஃபாரூக்கின் கையெழுத்து

இரண்டு எண்களும் ஒத்துப்போகவில்லை.

ஆபிதா பானு மூன்றாவது தடவையும் பார்த்தாள். ஸ்கீம் என்ற கணினி மொழியில் நிரல் எழுதுகிறவர்களின் பொதுப் பட்டியலில் ஒரு பேக்கேஜுக்கு நேரே எழுதியிருந்த சரிபார்ப்பு எண் ஒன்று; இப்போது இறக்கிய கோப்புக்கு வந்த எண் வேறு. அதே பெயர், அதே பதிப்பு. உள்ளே இருப்பது மட்டும் மாறியிருந்தது.

இதை முதலில் கண்டு சொன்னது வேல்ராஜ். இளையரசனேந்தலில் இருக்கிறான், கல்லூரியில் கம்ப்யூட்டர் பாடம் நடத்துகிறவன். சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் அவன் போன் வந்தது.

"அக்கா, கோப்பு எதுவும் கெட்டுப் போயிருக்குமோன்னு ரெண்டு மட்டம் இறக்கிப் பாத்துட்டேன். எண்ணு தப்பா வருது. ஆனா கையெழுத்து சரின்னு காட்டுது."

"யாரு கையெழுத்துப்பா?"

கோப்பை ஏற்றியது இன்னார்தான் என்று காட்டும் கணினி முத்திரையைத்தான் கையெழுத்து என்பார்கள். "ஃபாரூக்கோடது."

ஃபாரூக் அவள் தம்பி. கரிவலம் ரோட்டில் லாரி மோதி இறந்து நாலு மாதம் ஆகிறது. அந்தப் பேக்கேஜ் அவன் எழுதியது. எது எத்தனை மணிக்கு நடந்தது என்று ஒரு புரோகிராமுக்குள் குறித்து வைக்கிற சின்ன வேலைதான் அதற்கு. ஆனால் நானூறு பேருடைய நிரல்கள் அதன்மேல் நின்றன. அவன் போன பிறகு அவள்தான் பார்த்துக்கொண்டாள். பார்த்துக்கொள்வது என்றால் தினமும் திறந்து பார்த்துவிட்டு மூடுவது. அவள் அழவில்லை என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். அழுகை வரவில்லை, பசியும் வரவில்லை, சூடான டீ நாக்கில் பட்டால் சூடு என்று மட்டும் தெரிந்தது.

வீட்டில் யாருமில்லை. உம்மா திருவேங்கடத்தில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போயிருந்தாள். ஆடிக் காற்று ஜன்னல் கதவைத் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டுத் தெருப்புழுதியைக் கொண்டுவந்து தரையில் போட்டது. பக்கத்து வீட்டு விசைத்தறிகள் காலையிலிருந்து ஓயாமல் அடித்துக்கொண்டிருந்ததில் சுவரும் மேஜையும் மேஜைமேல் வைத்த அவள் முழங்கையும் ஒரே தாளத்தில் அதிர்ந்தன. கஞ்சி போட்ட நூலின் புளிப்பு வாடை அறை முழுக்க இருந்தது.

கோப்பு ஏறிய நேரம் இன்று மதியம் இரண்டு பத்து. பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். புதிதாகப் பத்துப் பன்னிரண்டு வரிகள். ஸ்கீமில் எல்லாமே அடைப்புக்குறிக்குள்தான். மூடும் குறிகளை எல்லாரும் கடைசி வரியின் ஓரத்தில் சேர்த்து அடுக்கிவிடுவார்கள். ஃபாரூக் மட்டும் ஒவ்வொன்றையும் தனித்தனி வரியில் போடுவான். ஊர் உலகமே கேலி செய்தும் விடமாட்டான். "எங்கன மூடுதுன்னு கண்ணுக்குத் தெரியாண்டாமா லாத்தா?" என்பான். அக்காவை அவன் லாத்தா என்றுதான் கூப்பிடுவான்.

புதிய வரிகளில் மூடும் குறிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக, படி இறங்குவது போல நின்றன.

யாரோ அவனைப் போலவே எழுதப் பழகியிருக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டாள். திருடர்கள் அதெல்லாம் செய்வார்கள். இன்டர்நெட்டைத் துண்டித்தாள். லேப்டாப்பின் கேமராமேல் பொட்டளவுக் காகிதத் துண்டை ஒட்டினாள். வேறு எதையும் அது தொட முடியாதபடி தனியே அடைத்து வைத்து, அந்த நிரலை ஓடவிட்டாள்.

மூன்று வரி வந்தது.

2:10 லாத்தா தட்டு கழுவுதா.
2:31 போன எடுத்தா.
2:52 இத வாசிக்கா.

திரையின் மூலையில் கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டு ஐம்பத்திரண்டு.

பயம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. பஞ்சு அடைத்த காதில் கேட்கிற மாதிரி எல்லாமே தூரத்தில் இருந்தது. போனை எடுத்து வேல்ராஜைக் கூப்பிட்டாள்.

"யாரும் அத ஓட்டக் கூடாதுன்னு குழுவுல போடுப்பா. நான் அவன் கையெழுத்துச் சாவிய ரத்து பண்ணுதேன்."

"நான் ஓட்டிட்டேன்க்கா." அவன் குரல் தேய்ந்திருந்தது. "இன்னும் பத்திருவது பேரு ஓட்டிட்டாங்க. அவங்கவங்க வீட்டப் பத்தி எழுதுதாம்."

"ஒனக்கு என்ன எழுதிச்சு?"

"'வேல்ராஜ் இன்னும் பின்னால திரும்பல'ன்னு."

கரண்ட் போனது. போனில் அவன் குரலும் நின்றது. தறிகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்து அடங்கின. காற்றுகூட இல்லை.

அந்த அமைதியில், மாடியில் யாரோ டைப் அடித்தார்கள்.

நிதானமாக. ஒரு வரி. பிறகு, தனியாக ஒரு தட்டு. தனியாக ஒரு தட்டு. தனியாக ஒரு தட்டு.

மாடியில் ஃபாரூக்கின் அறை. நாலு மாதமாகப் பூட்டியிருக்கிறது. கையெழுத்துச் சாவி அங்கேதான், இரும்பு பீரோவுக்குள். கட்டைவிரல் நீளமுள்ள ஒரு குச்சி. அதன் நடுவில் வட்டமாக ஒரு தகடு. கம்ப்யூட்டரில் செருகி, அந்தத் தகட்டை அதில் ரேகை பதிந்த விரல், அவனுடையதோ அவளுடையதோ, தொட்டால்தான் கையெழுத்து விழும். ரத்து செய்யவும் அதுவே வேண்டும்.

படியேறினாள். பூட்டைத் திறந்தாள். சத்தம் நின்றது.

வெளிச்சம் நன்றாகவே இருந்தது. மேஜையில் தூசி. கீபோர்டின்மேல் தூசி. ஒரு விரல் பட்ட தடம்கூட இல்லை.

பீரோவைத் திறந்தாள்.

குச்சி தட்டில் தனியாகக் கிடந்தது. எதிலும் செருகியிருக்கவில்லை. வயர் இல்லை, கரண்ட் இல்லை. ஆனால் அதன் பச்சை விளக்கு சிமிட்டியது. விட்டு விட்டு. விரலுக்குக் காத்திருக்கும்போது அப்படித்தான் சிமிட்டும்; விரல் பட்டதும் நிலைத்து எரியும்.

அவள் எடுத்தாள். சில்லென்றிருந்தது.

தகட்டின்மேல் ஈரம் படர்ந்தது. ஈரத்தில் விரல் ரேகைகள். ஒன்று. இன்னொன்று.

தொட விடக்கூடாது.

தகடு உள்ளங்கையைப் பார்க்கும்படி வைத்துக் கையை மூடினாள். இன்னொரு கையால் அதன்மேல் இறுக்கினாள். விரலிடுக்கில் பச்சை வெளிச்சம் வந்தது, போனது. வந்தது, போனது.

பிறகு போகவில்லை. நிலைத்து எரிந்தது.

கீழே, இன்டர்நெட்டைத் துண்டித்து வைத்திருந்த லேப்டாப் ஒருமுறை ஒலித்தது.

ஆபிதா பானு அசையவில்லை. இறுக்கி மூடிய கைக்குள், அவளுடைய உள்ளங்கைக்கும் தகட்டுக்கும் நடுவே, ஒரு விரல் இருந்தது.