முதல் முறை யாருக்கு வந்தது?

"உன் கையால ஊத்துன டீ என் தொண்டையில எறங்காது. எடுத்துனு போ!"

சாந்தி டம்ளரைத் தள்ளிவிட்டாள். அடுப்பங்கரைத் தரையில் டீ ஓடி, மூலையில் கிடந்த வெங்காயத்தை நனைத்தது. காசியம்மாள் துணியெடுத்துத் துடைத்தாள். ஓரகத்தியின் கோபம் அவளுக்குப் பழகிவிட்டது. மூடிய அறைக்குள்ளிருந்து வந்த கோதண்டத்தின் இருமல்தான் பழகவில்லை.

கோதண்டம் சாந்தியின் புருஷன், காசியம்மாளின் கொழுந்தன். அவள் இந்த வீட்டுக்கு வாழ வந்தபோது அரைஞாண் கயிற்றோடு மணலில் திரிந்த தாயில்லாப் பிள்ளை. மீனில் முள்ளெடுத்து ஊட்டி வளர்த்தவள் அவள். வளர்ந்தவன் பொன்னேரியில் ஒரு நிதி கம்பெனிக்கு ஏஜென்டானான். குப்பத்துச் சேமிப்பையெல்லாம் வாங்கிப் போய்க் கட்டினான், தன்னுடையதையும் சேர்த்து. தீபாவளிக்குப் பிறகு வட்டி நின்றது. கேட்டவர்களுக்கு, கம்பெனி சொல்லிக்கொடுத்த பதிலையே சொன்னான்: "ஊர் ஊரா முறை வெச்சுப் பணத்தைத் திருப்பிக் குடுக்கறாங்க. இப்போ பசியாவரத்து முறை. அடுத்தது நம்மளுது."

குப்பம் நம்பியது. பழவேற்காட்டு ஏரியே முறையில்தான் ஓடுகிறது. இறால் விழும் இடத்துக்குப் பாடு என்று பேர். இன்று உன் வீடு, நாளை என் வீடு என்று ஊர் கூடிப் பேர் படித்துவிட்டால், அடுத்தவன் பாட்டில் எவனும் வலை கட்டமாட்டான். முறை வருமுன் கை நீட்டுவது இங்கே அசிங்கம்.

அந்த அசிங்கத்தைத்தான் காசியம்மாள் செய்தாள். வங்கிச் சுவரில் ஒட்டியிருந்த எச்சரிக்கையைப் படித்துவிட்டு, அந்தக் கம்பெனிக்கு டெபாசிட் வாங்க ரிசர்வ் வங்கி அனுமதி உண்டா என்று விசாரித்தாள். இல்லை என்றார்கள். சென்னைக்குப் போய்ப் பொருளாதாரக் குற்றப் பிரிவில் புகார் கொடுத்தாள். கம்பெனியின் வங்கிக் கணக்கு முடக்கப்பட்டது. குப்பம் கொதித்தது. நம்ம முறை வர்ற நேரத்துல முகத்துவாரத்தை அடைச்சிட்டாளே!

"ஏன்க்கா இப்படிப் பண்ணுன?" சாந்தி அழுதாள். "பெத்த புள்ள மாதிரின்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு... போலீசுக்குக் காட்டிக் குடுத்துட்டியே!"

"நான் கம்பெனி மேலதான் குடுத்தேன், சாந்தி."

"கம்பெனிக்கு ஏது மூஞ்சி? இந்த ஊர்ல அவரு மூஞ்சிதானே!"

காசியம்மாளுக்கு அது தைத்தது. அதே பயத்தை, புகார் வாங்கிய அதிகாரியம்மாவிடம் அவளும் சொல்லியிருந்தாள். "ஏஜென்ட் தானா வந்து நடந்ததைச் சொல்லட்டும், சாட்சியாப் பார்க்கலாம். ஒளிஞ்சா, நாங்க தேடி வர வேண்டியிருக்கும்" என்றார் அவர். இதைச் சொல்லத்தான் தினமும் அந்தக் கதவைத் தட்டினாள். கோதண்டம் திறக்கவே இல்லை.

அவள் கணவன் தேவேந்திரன் வாசலில் வந்து நின்றான். முகம் பார்க்காமல் பேசினான்.

"இன்னிக்குப் பாடு படிக்கறாங்க. ஊரைக் கேக்காம போலீசுக்குப் போனது தப்பாம். கேஸை வாபஸ் வாங்கலைன்னா நம்ம பேரை அடிச்சிடுவாங்க. வாங்கிக்கறேன்னு ஒரு வார்த்தை சொல்லிடு."

"மாட்டேன்."

"வருசம் பூரா இன்னாத்தத் துன்றது?"

"தெரியல... ஆனா மாட்டேன்."

அம்மன் கோயில் எதிரே மைக் கட்டியிருந்தார்கள். ஆண்கள் மணலில் உட்கார்ந்திருக்க, பெண்கள் வழக்கம்போல் வலைக்குவியல்களுக்கு அப்பால் நின்றார்கள். ஊர்த் தலைவர் சிங்காரம் செருமினார்.

"இன்னாம்மா காசியம்மா, வாபஸா இல்லையா? அங்கிருந்தே சொல்லு."

அவள் வலைகளைத் தாண்டி நடுவில், மைக் பக்கத்தில் வந்து நின்றாள். கூட்டம் முணுமுணுத்தது.

"இல்லை, தலைவரே."

"பொம்பளைக்கு எவ்ளோ திமிரு பாரு!" என்றது ஒரு குரல்.

"திமிருதான். ஒண்ணு கேக்கறேன், அதுக்குப் பதில் சொல்லிட்டு எங்க பேரை அடிங்க. நம்ம பாட்டுல முதல் முறை யாருக்குன்னு இங்க இருக்கற எல்லாருக்கும் தெரியும். மைக்குல பேர் சொல்றீங்க. நேத்து யார் வலை கட்டுனான், இன்னிக்கு யார் கட்டறான், கண்ணால பாக்கறோம். அந்தக் கம்பெனியில முதல் முறை யாருக்கு வந்துச்சு? பணம் கையில வாங்குன ஒரு ஆளைப் பாத்தவங்க இருந்தா எழுந்திருங்க... நான் இப்பவே வாபஸ் வாங்கறேன்!"

ஒருவரும் எழவில்லை.

"பசியாவரத்துக்காரங்க வாங்கறாங்களே!" சாந்தி ஓரத்திலிருந்து கத்தினாள். "என் பொறந்த ஊரு அது! இரு, எங்க நைனாகிட்டயே கேக்கறேன். அப்போ உன் மூஞ்சியை எங்க வெச்சுக்குவ?"

போனை மைக் முன்னால் கொண்டுவந்து எல்லோரும் கேட்கும்படி வைத்தாள். பசியாவரத்திலிருந்து அவள் அப்பா தருமலிங்கத்தின் குரல் இரைச்சலோடு வந்தது.

"நைனா, அந்தப் பொன்னேரிக் கம்பெனிப் பணம் உங்க ஊர்ல யாருக்கு வந்துச்சு?"

"எங்களுக்கு எங்கம்மா வந்துச்சு? உங்க குப்பத்து முறை நடக்குதுன்னாங்க. முடிஞ்சதும் எங்களுக்காம். உங்களுக்காகத்தானே காத்துனு கீறோம்! இன்னும் முடியலையா?"

சாந்தி போனைத் தாழ்த்தினாள். "அலோ... அலோ..." என்று அந்தக் குரல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

கூட்டத்தின் பின்னாலிருந்து கோதண்டம் வந்தான். தாடியும் பனியனுமாக, வெயிலுக்குக் கண் கூசியபடி. எல்லாவற்றையும் அறைக்குள்ளிருந்தே மைக்கில் கேட்டிருந்தான்.

"அவங்க சொல்லிக்குடுத்ததைத்தான் சொன்னேன்... பசியாவரம் தோ இங்க கீது. படகை எடுத்துனு போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேக்கலையே, அண்ணி!" அவன் அவள் காலில் விழுந்தான்.

காசியம்மாளின் கண்ணில் அப்போதுதான் நீர் வந்தது. அவன் தலையை இழுத்து வயிற்றோடு அணைத்துக்கொண்டாள்.

"எழுந்திருடா. போய்ச் சட்டையைப் போடு. பஸ் வர்ற நேரம். நீயா போய்ச் சொன்னாதான் உனக்கு நல்லது. நான் கூட இருக்கேன்."

சிங்காரத்துக்குத் தன் நாற்காலி ஞாபகம் வந்தது. "அதெல்லாம் சரிம்மா. ஆனாலும் ஊர்க்கட்டுன்னு ஒண்ணு இருக்குது. ஊரைக் கேக்காம போனதுக்கு அபராதம்..."

"கட்ட மாட்டோம்." சொன்னது தேவேந்திரன். காலையில் மனைவியின் முகம் பார்க்காதவன், இப்போது அவள் பக்கத்தில் வந்து நின்றான். "பேரை அடிக்கணும்னா அடிச்சுக்கோங்க. இவ தப்புப் பண்ணல. நான்தான் பண்ணேன், இவளைத் தனியா வுட்டுட்டேன்."

"எனக்கும் ஊர்க்கட்டு வேணும், தலைவரே," என்றாள் காசியம்மாள். "ஆனா திருடன் ஒளியறதுக்கு அது வேலி ஆவக்கூடாது." வலைகளுக்கு அப்பால் திரும்பினாள். "பணம் கட்டுனவங்க அவங்கவங்களே வந்து புகார் குடுக்கணும். இதுக்கு முறை கிடையாது. வர்றவங்க வாங்க!"

முதலில் அசைந்தவள் தலைவரின் மனைவி அங்காளம்மாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, புருஷனைப் பார்க்காமல் நடந்தாள். பிறகு வலைகளின் பின்னால் யாரும் மிச்சமில்லை.

பஸ் நிறுத்தத்துக்குப் போகும் வழியில் சாந்தி ஓடிவந்து கையைப் பிடித்தாள்.

"அக்கா... காலையில கொட்டுன டீ..."

"தரையைத் துடைச்சிட்டேன்."

"பொன்னேரியில எறங்கி எனக்கு ஒரு டீ வாங்கித் தருவியா?"

"மாட்டேன். நீ வாங்கித் தா. வெங்காயத்துக்கும் சேர்த்து."

சாந்தி அழுதுகொண்டே சிரித்து, அவள் தோளில் முகம் புதைத்தாள்.

பின்னால் மைக்கில் சிங்காரம் பாடு படிக்கத் தொடங்கியிருந்தார். ஒவ்வொரு வீடாக வந்துகொண்டிருந்த குரல், ஓரிடத்தில் நின்றது. கோதண்டமும் நின்றான்.

"தேவேந்திரன் வீடு..." என்று படித்துவிட்டு, மைக் அடுத்த வீட்டுக்குப் போனது.

காசியம்மாள் திரும்பிப் பார்க்கவில்லை. பஸ்ஸுக்குக் கை காட்டினாள்.