இருபத்தெட்டாம் நாள் முயல்

கிண்டிச் செம்பின் மூக்கிலிருந்து தண்ணீர் நூலாய்த்தான் வந்தது. கோயம்புத்தூரிலிருந்து ரயிலில் நின்றுகொண்டே வந்த கால்களைக் கழுவக் காத்திருந்தார் யக்ஞநாராயணன். ஆய்வுக்கூடத்து மருந்து வாடை சட்டையை விட்டுப் போகாமல் மழையின் ஈர நெடியோடு கலந்து அடித்தது. ஓர் ஈர்க்குச்சியை எடுத்துக் கிண்டியின் மூக்குக்குள் விட்டுக் குத்தினார். பித்தளைக் களிம்பு என்றால் சொரசொரப்பாக இருக்கும். இது வழுக்கியது. கொஞ்சம் அமுங்கிக் கொடுத்தது.

"கிண்டிக்குப் புளி போட்டுத் தேய்க்கறதில்லையா?"

"தெனமும் தேய்க்கறேன்னா," என்றாள் அவர் மனைவி வாலாம்பாள். "நேக்கு விழுங்கறச்சே செத்தெ வெஷமமா இருக்கு, கேட்டேளா?"

கேட்டார். மழைக்காலம், தொண்டை கட்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார். அவள் ரசத்தைக்கூட மூன்று மிடறாக்கி விழுங்கினாள்.

பன்னிரண்டு வருஷமாக அவர் வேலை, ஆய்வுக்கூடத்தில் சதையை மெல்லிசாகச் சீவுவது. இந்த வருஷம், எழுபத்தொன்பதில், டாக்டர் முத்துசுவாமிக்குப் புதுக் கிறுக்கு. அடைத்த ரத்தக்குழாய்க்குள் சின்ன பலூனை விட்டு ஊதி அகலப்படுத்தும் வைத்தியம் வெளிநாட்டில் வந்திருந்தது. ஊதிய பிறகு குழாயின் சுவர் என்ன ஆகிறது என்று அவர் முயல்களில் பார்த்தார். இழுத்தால் நீளும் புரதம் அறுந்துபோகும்; அந்த இடத்தில் வெள்ளையாய், விறைப்பாய் வேறொரு புரதம் சேரும். காயம் ஆறும். ஆறியதோடு நிற்காமல் உள்பக்கமாகவே வளரும். சில முயல்களில் இருபத்தெட்டாம் நாள் நடுவில் ஊசித் துளைதான் மிஞ்சும். சாயம் ஏற்றி அந்தத் துளையை அளப்பதும் யக்ஞநாராயணன்தான்.

மிஞ்சிய சதையை எரித்துவிட வேண்டும் என்பது அங்கே சட்டம். அவருக்கு மனசு வரவில்லை. கல்பாத்தி அக்ரஹாரத்தில் பிறந்து, முயலைக் கொன்று சம்பளம் வாங்குகிறோமே என்ற உறுத்தல். ஆடி அமாவாசையன்று, மருந்தில் ஊறாத பச்சைத் துண்டுகளை ஒரு பாட்டிலில் கொண்டுவந்து, அப்பாவுக்குத் தர்ப்பணம் முடித்த கையோடு அவற்றுக்கும் எள்ளும் தண்ணீரும் இறைத்து, படித்துறையிலிருந்து ஆற்றில் விட்டார். பாவம் கழிந்தது என்று நிம்மதியாக வீடு வந்தார். அந்தப் படித்துறையில்தான் வாலாம்பாள் தினமும் குளிக்கிறாள், வாய் கொப்பளிக்கிறாள், குடத்தில் தண்ணீர் எடுக்கிறாள்.

மறுநாள் காலை கிண்டியின் மூக்கைப் பிளேடால் சுரண்டினார். வெளுத்த தோல் போல ஒரு துண்டு வந்தது. ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோய் உறையவைத்து, சீவி, சாயம் ஏற்றினார். அந்தப் பக்கம் வந்த டாக்டர் தானாகவே மைக்ராஸ்கோப்பில் குனிந்து பார்த்தார்.

"இருபத்தெட்டாம் நாள் முயலுங்களா? நல்லா வளந்திருக்குதே. எந்த நம்பருங்க?"

யக்ஞநாராயணன் விரல்விட்டு எண்ணினார். ஆடி அமாவாசையிலிருந்து இருபத்தெட்டு.

பகல் ரயிலிலேயே திரும்பினார். இருபத்திரண்டு வருஷம் கூட இருந்தவள். ஒரு நாள் முகம் சுளித்ததில்லை. அவள் இல்லாத வீட்டை நினைக்கவே பயமாக இருந்தது. வாளையார் தாண்டியும் ரயில் நகர்ந்ததாகவே தோன்றவில்லை.

வாசலிலேயே அந்தச் சத்தம் கேட்டது. விசில் மாதிரி. மெல்லிசாய், சீராய். அடுப்பில் ஏதோ வைத்திருக்கிறாள் என்று நினைத்தார். அடுப்பு எரியவில்லை. வாலாம்பாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். சத்தம் அவள் மூச்சு.

பக்கத்து வீட்டு வெங்கிடேஸ்வரன் டாக்ஸிக்கு ஓடினார். யக்ஞநாராயணன் டார்ச்சை எடுத்தார்.

"வாயைத் தெற."

திறந்தாள். உள்நாக்கு இல்லை. சிவப்பே இல்லை. வெள்ளை. வழவழவென்று, வட்டமாய். நடுவில் ஊசித் துளை.

"இதோ டாக்ஸி வந்துடும். மெதுவா மூச்சு விடு."

தலையாட்டினாள். அவர் சொன்னால் நம்புகிறவள்.

வெள்ளை துடித்தது. துளை சுருங்கியது. இன்னும். இன்னும் கொஞ்சம்.

விசில் நின்றது.

அவர் கையைப் பிடித்திருந்த விரல்கள் இறுகின. வெகு நேரம் இறுகியிருந்தன. பிறகு விட்டன. தெருமுனையில் கார் ஹாரன் கேட்டது. அவருக்கு எழுந்திருக்கத் தோன்றவில்லை, டார்ச்சை அணைக்கவும் தோன்றவில்லை. மூச்சில்லாத வாய்க்குள் வெள்ளை மட்டும் துடித்துக்கொண்டிருந்தது. பற்களைத் தாண்டி வந்து, மேலுதட்டையும் கீழுதட்டையும் சேர்த்து, ஒரு தழும்புகூட இல்லாமல், நிதானமாக ஆறிக்கொண்டிருந்தது.