பிளக்கைப் பிடுங்கிய பிறகும்

“என்னங்க இது... மறுபடியும் இரையுது!”

மழைக்கோட்டை ரெக்கார்டு பிளேயருக்குப் போர்த்திவிட்டு, தான் தொப்பலாக நனைந்து ரிப்பேர் கடை வாசலில் நின்றான் அவன். உள்ளே ஸ்க்ரூடிரைவரும் கையுமாக இருந்த அவளுக்கு அந்தக் கோலம் சிரிப்பை வரவழைத்தது. ஆனால் சொன்ன வார்த்தை சுருக்கென்று தைத்தது.

முதல் முறை அவன் வந்தபோது, தட்டைச் சுழற்றும் ரப்பர் பெல்ட் தார் போல உருகி ஒட்டிக் கிடந்தது. ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, புது பெல்ட் மாட்டிக் கொடுத்தாள். அடுத்த முறை ‘ம்ம்ம்’ என்று ஓர் இரைச்சல் என்றான். அறுந்திருந்த எர்த் ஒயரைப் பற்றவைத்து, பாட்டுப் போட்டுக் காட்டித்தான் அனுப்பினாள். அன்று அவன் கண்மூடி நின்று கேட்ட அழகு... வீட்டுக்குப் போன பிறகும் அவளை விடவில்லை.

“என் கை பட்ட மெஷின் இரையாதுங்க.”

“அப்ப நான் பொய் சொல்றேனா? ஸ்கூல்ல பாட்டு வாத்தியார்ங்க நான். சுதி இம்மி விலகினாலும் எனக்குத் தெரியும்!”

“அடேங்கப்பா... வாத்தியாருக்கு மூக்குக்கு மேல கோபம் வருதே!”

கல்லாவில் இருந்த அவள் அண்ணன் மெல்ல எழுந்தான். “நீங்க மோதிக்கிட்டிருங்க. நான் டீ குடிச்சிட்டு வந்துடறேன்.”

கண்ணாடிக் கதவைச் சாத்தினாள். மழைச் சத்தம் அடங்கியது. ரெக்கார்டு வைக்காமலே சத்தத்தை முழுக்கக் கூட்டி, ஸ்பீக்கரில் காதை வைத்தாள். ஒன்றுமில்லை.

“உங்களுக்குக் கேக்குதா?”

“நல்லாவே கேக்குது. இடது பக்கம்.”

சுவிட்சை அணைத்தாள். “இப்ப?”

“ம்... இருக்கு.”

அவள் பிளக்கையே பிடுங்கிக் கையில் பிடித்தாள். “இப்பங்க?”

பதில் சொல்ல வாயெடுத்தவன் அந்தப் பிளக்கைப் பார்த்தான். அதுவரை சண்டைக்கு நின்ற கண்களில் வெளிச்சம் அணைந்தது.

“அப்போ இது... மெஷின்ல இல்லையா?”

“டாக்டர்கிட்ட ஒருதரம் காட்டுங்களேன்...”

“பாவம் பார்க்காதீங்க. எனக்குப் பிடிக்காது.”

பிளேயரைக்கூட எடுக்காமல் மழையில் இறங்கிப் போய்விட்டான்.

வாரங்கள் ஓடின. கதவு திறக்கும்போதெல்லாம் நிமிர்ந்து பார்த்து ஏமாந்தாள். “கொண்டுபோய்க் குடுத்துட்டு வாயேன்” என்றான் அண்ணன். “அவருக்கு வேணும்னா வரட்டும்ணே” என்று வீம்பு பேசினாள். கடைசியில் வீம்பு தோற்றது. ஒரு மாலை, பிளேயரைச் சுமந்துகொண்டு பள்ளிக்கூடத்துக்கே போனாள்.

காலியான வகுப்பறையில் தனியாக உட்கார்ந்திருந்தான்.

“இடது காது போயிட்டிருக்காம். இரைச்சலும் நிக்காதாம். வேலையை விட்டுடப் போறேன்.”

அவள் பிளேயரை மேஜையில் இறக்கி வைத்தாள். “எந்த இரைச்சலையும் நிறுத்திடுவேன்னு திமிரா இருந்தேன். இதை நிறுத்த எனக்குத் தெரியலையே...” கண் கலங்கிவிட்டது.

அவன் தலைகுனிந்தான். “ஒண்ணு சொல்லவா? கடைசியா வந்தது... இரைச்சலுக்காக மட்டும் இல்ல. நீங்க சண்டை போடுவீங்க பாருங்க... அந்தக் குரல் கேக்குறப்போ இது அடங்கிப்போகுது. வேற எதுக்கும் அடங்கல.”

அவள் நாற்காலியை இழுத்து, அவனுடைய வலது பக்கம் போட்டு உட்கார்ந்தாள்.

“சண்டைதானே? ஆயுசு பூரா போடறேன்... முதல்ல அந்த வேலையை விடுற பேச்சை விடுங்க. அங்கிருந்தே ஆரம்பிக்கலாம்.”