முந்தி ஓடும் கடிகாரம்

கடிகாரம் தவறாக இருந்தது. அவ்வளவுதான்.

அக்காவின் லேப்டாப்பில், விண்டோஸை அழிக்காமல் பக்கத்திலேயே லினக்ஸ் என்ற இன்னொரு சிஸ்டத்தையும் ஏற்றி முடித்து, எதை எழுப்புவது என்று கேட்ட பட்டியலில் இரண்டாவது வரியைத் தேர்ந்தெடுத்து, முதல்முறையாக உள்ளே நுழைந்திருந்தாள் தங்கை. சுவர்க் கடிகாரத்தில் மாலை ஐந்து நாற்பது. திரையின் மூலையில் இரவு பதினொன்று பத்து. ஐந்தரை மணி நேரம் முந்தி.

தன் தப்பாகத்தான் இருக்கும் என்று நினைத்தாள். மாலை வகுப்பு நோட்டில் பன்னிரண்டு படிகளையும் வரிசையாக எழுதி ஒவ்வொன்றாக டிக் அடித்திருந்தாள். ஆனாலும் எங்கேயோ கோட்டை விட்டிருப்பாள்.

சமையலறையில் குழாய்த் தண்ணீர் தட்டுகள் மேல் விழும் சத்தம். அதற்கு மேல் அக்காவின் குரல்.

"என்னடி, பேச்சையே காணோம்? என் லேப்டாப் உசுரோட இருக்கா?"

"இருக்குக்கா."

"நல்லா ஓடிட்டிருந்ததைப் போய் நோண்டிக்கிட்டு. ஆப்பசைச்ச குரங்கு கதையா ஆகப்போகுது. என் ஃபைல் ஒண்ணு காணாமப் போகட்டும், அப்புறம் இருக்கு உனக்கு."

கடைசிப் படி: கேமரா வேலை செய்கிறதா என்று பார்ப்பது. திறந்தாள்.

இதே அறைதான். ஆனால் படத்தில் ஜன்னல் கறுப்பாக இருந்தது. அவள் உட்கார்ந்திருந்த நாற்காலி காலியாக இருந்தது. அதன் பின்னால் அக்காவின் கட்டில். அக்கா மல்லாந்து கிடந்தாள், வாய் திறந்தபடி, ஒரு கை தரையைத் தொட. தலைமாட்டில் நீளமான ஒரு முதுகு குனிந்து, குழந்தையைத் தூங்க வைப்பதுபோல மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.

திரும்பிப் பார்த்தாள். கட்டில் காலி. போர்வை மடித்தபடி. ஜன்னலில் மஞ்சள் வெயில்.

"அக்கா... இன்னைக்கு ராத்திரி வேற எங்கயாவது போய்த் தங்கலாமா?"

"எதை அழிச்சுத் தொலைச்ச? உண்மையைச் சொல்லு!"

என்னவென்று சொல்வது? இன்னும் ஐந்தரை மணி நேரம் இருக்கிறது. அக்காவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடலாம். ஆனால் கடிகாரம் தவறு என்றால் படமும் தவறுதானே? நோட்டின் ஓரத்தில் வகுப்பில் குறித்தது இருந்தது: 'இரண்டு சிஸ்டமும் கடிகாரத்தை வேறு வேறு விதமாகப் படிக்கும். பயப்பட வேண்டாம். ஒரே வரிக் கட்டளையில் சரியாகிவிடும்.'

எழுத்தெழுத்தாக அடித்தாள். நோட்டோடு ஒப்பிட்டாள். மறுபடியும் ஒப்பிட்டாள். என்டர்.

கடிகாரம் ஐந்து நாற்பத்து நான்குக்கு வந்தது.

படம் மாறவில்லை.

குழாய்ச் சத்தம் நின்றது. வெயில் இல்லை. நிஜ ஜன்னல் கறுத்திருந்தது.

"அக்கா?"

பின்னால் கட்டில் கிரீச்சிட்டது.

திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. திரையில் அந்த முதுகு ஆடுவதை நிறுத்தியது. நிமிர்ந்தது. எழுந்தது.

கூரைவரை எழுந்தது.

படத்தில் காலியாக இருந்த அவள் நாற்காலியின் சாய்வின் மேல், நீளமான விரல்கள் ஒவ்வொன்றாக வந்து படிந்தன.