வழிக்கயிறு

காற்றே இல்லை. அப்படியும் கயிறு ஆடியது.

அரிசி களைந்த கையைத் துடைக்காமல் சம்பங்கி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். கட்டில் காலில் தொடங்கி, தண்ணீர்ப் பானையை ஒட்டிப் போய், பின்வாசல் தாண்டி வெளியே புங்கமரம் வரைக்கும் இடுப்புயரத்தில் இழுத்துக் கட்டிய கயிறு அது. தங்கச் சுரங்கத்தில் பாறைக்கு வைத்த வெடிமருந்து வெடித்து மாமனார் சின்னசாமிக்கு இரண்டு கண்ணும் போனபிறகு, அவள் புருஷன் ராஜப்பா பௌரிங்பேட்டை சந்தையில் வாங்கிவந்து கட்டியது. சுரங்கத்து இருட்டில் தடவிப் போகிறவர்கள் போடுவதுபோல அதில் முடிச்சுகள் போட்டிருந்தான். ஒற்றை முடிச்சு வந்தால் பானை, இரட்டை வந்தால் வாசற்படி, மூன்று வந்தால் மரம். மரத்துக்குப் பின்னால் ஒதுக்குப்புறம். "இனிமே எவன் கையும் வாணாம்டா எனக்கு" என்று முதல் நாள் முழுக்கக் கிழவர் போவதும் வருவதுமாக இருந்தார். பெருமை பிடிபடவில்லை அவருக்கு.

அவர் செத்துப் பதினெட்டு நாள் ஆகிறது.

பொழுது இன்னும் சாயவில்லை. தங்கக்கல் இடிக்கிற மில் தூரத்தில் ஓயாமல் இடித்துக்கொண்டிருந்தது. அந்த அதிர்வுதான் என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிப் பார்த்தாள். ஆனால் கயிறு ஓரிடத்தில் தாழ்ந்தது; அந்தத் தாழ்வு மரத்தடியிலிருந்து வாசலை நோக்கி, பிடித்துப் பிடித்து ஒருவர் நடந்து வருகிற கணக்காக நகர்ந்தது. கூடவே தேங்கின தண்ணீரும் செம்மண்ணும் கலந்த வாடை வந்தது.

அந்த வாடை அவளுக்குத் தெரியும். கிழவரைத் தூக்கிவந்து போட்ட அன்றைக்கு வீடெல்லாம் அதுதான்.

"நான் போட்ட கட்டுதான்மே அவுந்துபோச்சு. அப்பாவ நானே கொன்னுட்டேன்" என்று இன்றைக்கும் ராஜப்பா சோற்றைத் தொடாமல்தான் ஷிப்டுக்குப் போனான். ஆனாலும் அப்பா கைபட்ட கயிறென்று அதை மறுபடி மரத்தில் கட்டி வைத்திருந்தான். பாவி, அவள் வாயைத் திறக்கவில்லை. நனைந்த கம்பளியை வெயிலில் உலர்த்துவதற்காகக் கயிற்றை மரத்திலிருந்து அவிழ்த்து, தங்கம் தேடித் தோண்டிக் கைவிட்ட குழியோரத்துக் கம்பத்தில் கட்டியவள் அவள். திருப்பிக் கட்ட மறந்தவளும் அவள். மறதியை மன்னிக்கலாம். "இன்னாம்மா, இன்னிக்கு கயிறு நீண்டுகினே போவுதே?" என்று வெளியிலிருந்து கிழவர் கேட்டபோது, அம்மியை விட்டுத் தலை தூக்காமல், "போங்க மாமா, வந்துடும்" என்றாளே, அதை எந்தச் சாமி மன்னிக்கும்? அவர் குழிக்குள் விழுந்ததும் முதலில் கம்பத்துக் கட்டை அவிழ்த்துக் கயிற்றைத் தரையில் போட்டாள். அப்புறம்தான் கூச்சலிட்டாள்.

இரட்டை முடிச்சு அசைந்தது.

அரிவாள்மனையைத் தூக்கிக் கயிற்றை அறுத்தாள். வெளித்துண்டையும் இழுத்துச் சுருட்டி, மொத்தத்தையும் அடுப்பில் திணித்தாள். அது ஈரமாக இருந்தது. புகைந்து, புகைந்து, கடைசியில் பற்றியது.

அமைதி.

பிறகு சுவரில் ஏதோ தேய்ந்தது. உள்ளங்கை. நிலைக்கதவு. மண்சுவர். பானை உருண்டு உடைந்தது. மறுபடி சுவர்.

கயிற்றைத் தேடுகிறார்.

"மாமா, நான்தான் மாத்திக் கட்னேன். நான்தான் போவச் சொன்னேன்."

பதினெட்டு நாளாக வராத வார்த்தை வந்துவிட்டது. கேட்கவேண்டியவன் பூமிக்கடியில் பாறை உடைத்துக்கொண்டிருந்தான்.

தேய்கிற சத்தம் நின்றது. கட்டில் பக்கம் யாருமில்லை. வாசலிலும் இல்லை. அவள் மூச்சை விட்டாள்.

முதுகில் தொங்கிய பின்னல் மெல்ல இழுபட்டது.

நுனியைப் பிடித்த ஈரக் கைக்கு மேலே இன்னொரு கை. அதற்கு மேலே மறுபடி முதல் கை. அவசரமே இல்லாமல், பின்னலின் ஒவ்வொரு புரியையும் முடிச்சா என்று விரலால் தடவிப் பார்த்துக்கொண்டு, கிழவர் அவள் கழுத்தை நோக்கி வந்துகொண்டிருந்தார்.