தண்ணீர் குடித்த மெசின்

முதலில் வாழையடிதான் காய்ந்தது. சமையல் நடக்கிற குசினியின் சுவருக்கு வெளியே, பாத்திரம் கழுவும் மெசினின் கழிவுக்குழாய் வந்து முடிகிற இடத்தில் நின்ற நாலு கதலி வாழைகளும், ஆவணிச் சோளகக் காற்று அடித்து வளவெல்லாம் கருகிக்கிடந்தபோதும் சேற்றில் கால் வைத்துக் குளிர்ச்சியாக நின்றவை, நாலே நாளில் இலை சுருண்டு தொங்கின. விமலேஸ்வரி பெருவிரலால் நிலத்தைக் கிண்டினாள். புழுதி எழும்பியது. ஒரு நாளைக்கு இரண்டு தரம் அந்த மெசின் ஓடுகிறது, ஒவ்வொரு தரமும் நாலைந்து வாளி தண்ணீரை இழுக்கிறது. அந்தத் தண்ணீர் எங்கே? வேறு ஒருத்தியென்றால் அந்த இடத்திலேயே நின்று யோசித்திருப்பாள். விமலேஸ்வரிக்கு யோசிக்க நேரமில்லை, உள்ளே மகள் காய்ச்சலில் கிடந்தாள்.

சிவலட்சுமிக்கு ஏழு வயது. மூன்று நாளாக விடாத காய்ச்சல், வயிற்றோட்டம் வேறு. விடிய வந்து பார்த்த அப்போதிக்கரி ஐயா பிள்ளையின் வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பார்த்துவிட்டு, அது திரும்பப் படிய எடுத்த நேரத்தைக் கண்டு நெற்றியைச் சுருக்கினார்.

"மருந்து பெரிசில்லைப் பிள்ளை, தண்ணிதான் பெரிசு. கொதிச்சாறின தண்ணி. அரை மணித்தியாலத்துக்கு ஒருக்காக் குடுத்துக்கொண்டே இருக்கோணும். உடம்பு வத்த விட்டீரெண்டால் பிறகு நான் வந்தும் வேலையில்லை."

ஓம் ஐயா, ஓம் ஐயா என்று தலையாட்டினாள். தண்ணீர்தானே, கிணறு நிறையக் கிடக்கிறது என்று நினைத்தாள். கிளிநொச்சிப் பக்கம் அந்த எண்பத்திரண்டாம் ஆண்டுக் கோடையில் எத்தனையோ கிணறுகள் அடி தெரிந்து கிடந்தன, இவர்கள் வீட்டுக் கிணறு மட்டும் வற்றவில்லை. புருஷன் பரமலிங்கம் வேலை விஷயமாக வவுனியாவுக்குப் போயிருந்தான். பின்னேர ரயிலில் வந்துவிடுவான். அதுவரைக்கும் சமாளித்தால் போதும்.

பிள்ளைக்குக் கொதிக்க வைக்கவென்று குசினிப் பைப்பைத் திறந்தாள். காற்று வந்தது. இரவு மோட்டர் போட்டு வழிய வழிய நிரப்பிய தண்ணீர்த் தாங்கி ஒட்டக் காய்ந்திருந்தது. காது வைத்துக் கேட்டபோது, ஓடாமல் நின்ற மெசினுக்குள் மெல்ல ஒரு சத்தம். மடக். கொஞ்ச நேரம் கழித்து, மடக்.

அந்த மெசின் நீர்ப்பாசன வேலைக்கு வந்திருந்த ஒரு வெள்ளைக்கார எஞ்சினியர் ஊர் திரும்பும்போது விட்டுப்போனது. பழசு. மூடியில் வெள்ளைப் பூச்சு உரிந்து, கதவின் றப்பர் தேய்ந்து போயிருந்தது. கோப்பை கழுவ ஒரு பெட்டியா என்று ஊர்ச் சனம் வந்து வேடிக்கை பார்த்துச் சிரித்துவிட்டுப் போனது. சிரிக்கட்டும். இந்த வீட்டில் அது எதற்கு வந்தது என்பது சிரிப்புக்குரிய கதையில்லை, அதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

போன வருஷம் ஆடிவரைக்கும் இந்த வீட்டுப் பாத்திரங்களை ராக்காயிதான் கழுவினாள். எழுபத்தேழு கலவரத்தில் தேயிலை மலையிலிருந்து அடித்துத் துரத்தப்பட்டு வந்து, வாய்க்காலுக்கு அப்பால் குடிசை போட்ட சனங்களில் ஒருத்தி. பாத்திரத்தைத் தொடலாம், கிணற்றைத் தொடக்கூடாது. விமலேஸ்வரி அள்ளி ஊற்றுவாள், அவள் சாம்பல் போட்டுத் தேய்ப்பாள், பிறகு விமலேஸ்வரி இன்னொரு தரம் அலசி உள்ளே எடுப்பாள். தாகமென்றால் அவள் கிணற்றுக் கட்டுக்குக் கீழே குந்தி அண்ணாந்து வாயைத் திறக்கவேண்டும், இவள் மேலே நின்று செம்பால் வார்ப்பாள். செம்பு வாயில் படாது. இதில் என்ன அநியாயம், ஊரெல்லாம் இப்படித்தானே என்பீர்கள். ஊரெல்லாம் இப்படித்தான்.

அன்று ஆடி வெள்ளி. விமலேஸ்வரி தலை முழுகி விரதச் சமையலில் நின்றாள். குளிர்காய்ச்சலோடு வந்த ராக்காயி கிணற்றடியில் சுருண்டு கிடந்து, "கொஞ்சம் தண்ணி ஊத்துங்கம்மா" என்றாள். "பொறு, படைச்சுப்போட்டு வாறன்" என்றாள் இவள். படைத்தாள். சாப்பிட்டாள். கண்ணயர்ந்தாள். அந்தக் குரல் கேட்டுக்கொண்டுதான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. பின்னேரம் நாலு மணிக்கு எழும்பிப் போனபோது குரல் அடங்கியிருந்தது. நிறைந்த வாளி ராக்காயியின் தலைமாட்டில், கையெட்டும் தூரத்தில் இருந்தது. அவள் அதைத் தொடவில்லை. நாலு வருஷமாகப் பழக்கியது அப்படி.

மறுநாளே ஆள் பிடித்துக் கிணற்றை ஒட்ட இறைத்துத் துப்பரவாக்கினார்கள். ஒரு வாய் கேட்டவள் செத்த தீட்டுக்கு ஒரு கிணற்றுத் தண்ணீர் வயலில் ஓடியது. வாய்க்காலுக்கு அப்பாலிருந்து அதற்குப் பிறகு ஒருத்தியும் பாத்திரம் கழுவ வரவில்லை. மெசின் வந்தது.

மெசினைப் பார்க்க வரச்சொல்லி நேற்றே அவள் சொல்லியனுப்பியிருந்த சிற்றம்பலம் பத்து மணிக்குச் சைக்கிளில் வந்தான். ஊரில் வாட்டர் பம்ப், றேடியோ எல்லாம் திருத்துகிறவன், கையிலே ஒரு திமிர் உள்ளவன். மெசினைச் சுற்றி ஒரு தரம் நடந்தான்.

"எல்லாம் ஒரு மோட்டரும் ரெண்டு குழாயும்தான் அக்கா. பயப்பிடாதேங்கோ."

மின்சாரத்தைக் கழற்றினான். தண்ணீர் வருகிற பைப்பை இறுக்கிப் பூட்டினான். கீழ்த் தட்டை உருவி வெளியே வைத்து, அடியிலிருந்த வடிகட்டியைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தான். ஒரு கறிவேப்பிலைகூட இல்லை. உள்ளே மூலையில் ஒரு குட்டி மிதவை இருந்தது, தண்ணீர் ஏறினால் அதுவும் ஏறி, போதும் என்று மெசினுக்குச் சொல்லவேண்டும். விரலால் தூக்கினான், டிக் என்றது. அதுவும் சரி. கழிவு மோட்டரைக் கழற்றிச் சுழற்றினான், இலேசாகச் சுழன்றது. பிறகு வெளியே போய் வாழையடியில் குழாயின் வாயைப் பிடித்துப் பார்த்தான். பார்த்தபடி நின்றான். விமலேஸ்வரியும் எட்டிப் பார்த்தாள். குழாயின் வாயை மூடிச் சிலந்தி வலை பின்னியிருந்தது, நடுவில் உலர்ந்த எறும்பு ஒன்று தொங்கியது.

"இதாலை கன நாளாத் தண்ணி வரேல்லை அக்கா."

"அப்ப உள்ளுக்குத்தானே நிக்கவேணும்?"

அவன் கிணற்றில் ஒரு வாளி அள்ளிவந்து மெசினுக்குள் கவிழ்த்தான். இருவரும் குனிந்து பார்த்தார்கள். கலங்கி அடங்கிய தண்ணீர் ஒரு விரல் இறங்கியது. நின்றது. மடக் என்று ஒரு சத்தம். இன்னொரு விரல். நிலம் நனையவில்லை, குழாய் நனையவில்லை, மின்சாரம் கழன்று கிடந்தது, பைப் பூட்டிக்கிடந்தது. கடைசிச் சொட்டு இறங்கியதும் உள்ளேயிருந்து மூச்சு வாங்குகிற ஓசை வந்தது, கனநேரம் குடித்து முடித்தவர்கள் விடுகிற மூச்சு. அதோடு ஒரு வாடையும் வந்தது, காய்ச்சல்காரர் வாய் திறந்தால் வருகிற புளித்த வாடை.

சிற்றம்பலம் சாரத்தில் கையைத் துடைத்தான். துடைத்த கையையே திரும்பத் திரும்பத் துடைத்தான்.

"நான் போறன் அக்கா."

"திருத்தாமலோ?"

"இதிலை திருத்துறதுக்கு ஒண்டும் இல்லை. எல்லாம் நல்லாத்தான் இருக்கு. சந்தியிலை கார் ஒண்டு பிடிச்சு அனுப்புறன், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிடுங்கோ."

குறடு, திருப்புளி எல்லாவற்றையும் குசினி நிலத்தில் விட்டுவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். திமிர் பிடித்தவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அறையிலிருந்து பிள்ளை கூப்பிட்டது. "அம்மா, தண்ணி."

"இந்தா வாறன் ராசாத்தி!"

சுடுதண்ணிப் போத்தலைத் திறந்தாள். விடியற்காலை நிரப்பியது. உள்ளே ஈரமே இல்லை, கண்ணாடியில் அவளுடைய முகம் சின்னதாகத் தெரிந்தது. குடத்தைச் சரித்தாள். இல்லை. சாமியறைச் செம்பு. இல்லை. கிணற்றடிக்கு ஓடி வாளியை விட்டாள், கயிறு வழக்கத்தைவிட இரண்டு ஆள் உயரம் கூடுதலாக இறங்கியது, நிறைந்த வாளி மேலே வந்தது. இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தாள். குசினி வாசலில் வாளி பாதிப் பாரமாயிற்று. நடையில் இன்னும் இலேசாயிற்று. கட்டிலடிக்கு வந்து தண்ணீர் குடிக்கும் பேணியை விட்டுக் கோலினாள், தகரம் தகரத்தில் உரசியது. வாளிக்குப் பொத்தல் இல்லை. வந்த வழியில் ஒரு சொட்டு ஈரமும் இல்லை. பின்னால் குசினியில், ஆறுதலாக, அவசரமே இல்லாமல், மடக் மடக்.

"அம்மா..." பிள்ளையின் உதடு வெடித்திருந்தது. நாக்கு வெள்ளையாக இருந்தது. அழுதது, கண்ணீர் வரவில்லை.

ஐயோ, என்ன செய்வாள்! ஆறு தரம் கிணற்றுக்கு ஓடினாள். ஆறாம் தரம் வாளி நிலத்தில் இடித்தது. எட்டிப் பார்த்தாள். கிணற்றின் அடி வெடித்துப் பாளமாகக் கிடந்தது. ஒருபோதும் வற்றாத கிணறு.

கார் வரவில்லை. ஒழுங்கையில் சனம் இல்லை. தங்கள் ஆட்களின் வீடு ஒரு மைல் கட்டைக்கு அப்பால். பிள்ளையைத் தூக்கப் பார்த்தாள், தூக்கினவுடன் கழுத்து மடிந்து கண் மேலே செருகியது, பயந்து திரும்பக் கிடத்தினாள். யன்னலால் பார்த்தால் வாய்க்காலுக்கு அப்பால் குடிசைகள் தெரிந்தன. கூப்பிடு தூரம். செருப்பில்லாமல் ஓடினாள்.

முதல் குடிசை ராக்காயியின் தங்கை வீரம்மாவுடையது. வாசலில் நெல்லுப் புடைத்துக்கொண்டிருந்தவள் எழும்பி நின்றாள்.

"வீரம்மா... பிள்ளை சாகப்போகுது. ஒரு பானை தண்ணி தா."

வீரம்மா கையிலிருந்த சுளகைக் கீழே வைத்தாள்.

"எங்க தண்ணியவா கேக்குறீங்க?"

"ஓம்."

அதற்கு மேல் அவள் ஒன்றும் கேட்கவில்லை. வாய்க்கால் படுக்கையில் தோண்டிய பூவல் குழியில் ஊறியெடுத்த தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றியிருந்தாள், அந்த மண்பானையை அப்படியே தூக்கிக் கையில் கொடுத்தாள். "எடுத்துக்கிட்டு ஓடுங்கம்மா. எங்கயும் நிக்காதீங்க. பானையோட வாயில வச்சுக் குடுத்துடுங்க."

விமலேஸ்வரி பானையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடினாள். குனிந்து குனிந்து பார்த்தாள். ஒரு சொட்டும் குறையவில்லை. வாய்க்கால் தாண்டினாள், இருந்தது. வேலிப் படலை தாண்டினாள், இருந்தது. குசினிப் படிக்கு வந்தாள், விளிம்பு வரைக்கும் இருந்தது. அழுகையும் சிரிப்புமாக வந்தது அவளுக்கு. "வந்திட்டன் ராசாத்தி! தண்ணி கொண்டு வந்திட்டன்!"

படியில் நின்றாள்.

அவர்களுடைய பானை. அவர்கள் வாய் வைத்த பானை. அதை உள்ளே கொண்டுபோய்ப் பிள்ளையின் உதட்டில் வைக்கவேண்டும். கால் எழவில்லை. பெற்ற பிள்ளை தாகத்தில் செத்துக்கொண்டிருக்கிறது, அப்போதும் அந்தக் கால் எழவில்லை, பாருங்கள். எங்கள் பேணியொன்றை எடுத்துவந்து அதிலே வார்த்துக் கொடுத்தால் ஆயிற்று, ஒரு நிமிஷம், ஒரேயொரு நிமிஷம். பானையைப் படியில் வைத்தாள்.

கைக்கெட்டும் பேணிகள் மெசினுக்குள், மேல்தட்டில் இருந்தன. கதவைத் திறந்தாள். அந்தப் புளித்த வாடை. கையை விட்டாள். உள்ளே சூடாக, ஈரமாக, வாய்க்குள் கை விட்டதுபோல் இருந்தது. பேணியை உருவினாள்.

மடக் சத்தம் நின்றுவிட்டது. காலையிலிருந்து ஓயாதது. நின்றுவிட்டது.

திரும்பினாள். படியில் பானை. உள்ளே காய்ந்த மண்.

அப்போது பிள்ளையின் அறையில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது.

முதலில் சந்தோஷம்தான் வந்தது. சத்தியமாகச் சந்தோஷம். யாரோ வந்துவிட்டார்கள். அவர் வந்துவிட்டார். பிள்ளைக்குத் தண்ணீர் கொடுக்கிறார். ஓடினாள்.

கட்டிலில் பிள்ளை இல்லை.

கட்டிலுக்குக் கீழே, நிலத்தில், சிவலட்சுமி குந்தியிருந்தாள். தலை அண்ணாந்து. வாய் திறந்து. ஓர் ஆள் நின்று கை நீட்டுகிற உயரத்திலிருந்து, ஒன்றுமில்லாத இடத்திலிருந்து, விரல் தடிப்பில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. நேராக. சிந்தாமல். உதட்டில் படாமல். தொண்டைக்குள்.

சட்டைக்குக் கீழே வயிறு இறுகி மினுங்கியது. விரல்கள் வீங்கி விரிந்திருந்தன. கண் மட்டும் அம்மாவைப் பார்த்தது. போதும் என்றது அந்தக் கண்.

"ராக்காயி!" அவள் நிலத்தில் விழுந்து கும்பிட்டாள். "போதும்! போதும் அம்மா, என்ரை பிள்ளை!"

பிள்ளையைப் பிடித்து இழுத்தாள். அசையவில்லை. அவ்வளவு பாரம். வாயை இரண்டு கையாலும் பொத்தினாள். குளிர்ந்த தண்ணீர் கையின் மேல் விழுந்தது. கை நனையவில்லை. அடியில், உள்ளங்கைக்குக் கீழே, தொண்டை ஏறி இறங்கியது.

மூக்கால் வந்தது. காதால் வந்தது. தொண்டை விழுங்கியது.

தாரை மெலியவில்லை. ஒரு தாங்கியும் ஒரு கிணறும் இன்னும் மிச்சமிருந்தன.