தலைக்கோடு

“ஏம்ப்பா, பொட்டிக்குள்ள எல்லாரும் தலைகீழா நிக்கிறாங்க?”

ஆறு வயதில், கேமராவின் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டபடி கேட்டாள் இளவரசி. அவள் அப்பா, போட்டோகிராபர் கொளஞ்சியப்பன் சிரித்தார்.

“அது அப்படித்தாம்மா காட்டும். நாமதான் நேரா பாத்துக்கணும்.”

முப்பது வருடம் கழித்து...

கடலூர் மஞ்சக்குப்பத்தில் அவளுடைய செல்போன் அலறியது. தம்பி எழிலன்!

“அக்கா! ஒடனே சிதம்பரம் வா! அப்பா கேமராவ அமீன் பாய் மாத்திட்டாரு!”

இறந்துபோன அப்பா அவளுக்கென்று விட்டுப்போன ஒரே பொருள் அந்தத் தேக்குமரக் கேமரா. எந்தக் காலத்தது, எந்தக் கம்பெனி என்று ரிப்பேர் கடை அமீனிடம் கேட்டு வரத்தான் முந்தாநாள் தம்பியிடம் கொடுத்தனுப்பியிருந்தாள்.

மேல வீதி. கேமரா ரிப்பேர் கடை. வாசலில் கூட்டம்! உள்ளே ஏட்டு அன்புமணி.

நூருல் அமீன் மேஜையைக் காட்டினார்.

“நீயே பாரும்மா. பூரா ஸ்டார் ஸ்க்ரூ! அந்தக் காலத்துல ஏது? லென்ஸுக்குப் பதிலா பூதக்கண்ணாடி. இது ஷோகேஸ் பொம்மை. உன் தம்பி இதத்தான் குடுத்தான்.”

“பொய்!” எழிலன் கத்தினான். “பின்பக்கக் கண்ணாடில அப்பா போட்ட செவப்புக் கோட்டைக்கூட காப்பி அடிச்சிருக்காரு! ஒரிஜினல் கையில இல்லாம முடியுமா?”

இளவரசி அமீன் பக்கம் திரும்பினாள்.

“எங்கப்பா உங்கள கூடப் பொறந்தவரா நெனச்சாரே பாய்... திருடுனீங்களா?”

அமீனின் முகம் வெளுத்தது.

“என் சம்சாரம் சர்புன்னிசாவ அதுலதான் படம் புடிச்சாரு உங்கப்பா. பிரிண்ட் வாங்கறதுக்குள்ள அவ மவுத்தாயிட்டா. அப்பறம் போயி கேக்க எனக்கு மனசு வரல. வூட்ல அவ படம் ஒண்ணுகூட இல்லம்மா. அந்தக் கேமராவ நான் விப்பனா?”

“கதையெல்லாம் ஸ்டேஷன்ல சொல்லு. ஏறு வண்டில!” என்றார் ஏட்டு.

“ஒரு நிமிஷம் சார்!”

இளவரசி அந்தப் பொம்மைக் கேமராவை வாசல் பக்கம் திருப்பினாள். முந்தானையைத் தலைமேல் போட்டுக்கொண்டு பின்பக்கக் கண்ணாடியைப் பார்த்தாள்.

வாசல் கூட்டம் தலைகீழாகத் தெரிந்தது. சிவப்புக் கோடு... எல்லோருடைய செருப்பின் மேலும்!

மெல்ல நிமிர்ந்தாள்.

“எழிலு... அப்பா எதுக்குடா கோடு போட்டாரு?”

“தல கட்டாவக் கூடாதுன்னு. அதான் மேல போட்டாரு.”

“கீழடா! உள்ள தல கீழதான் வரும்! அப்பாவோட கோடு கீழதான் இருக்கும். நாப்பது வருஷம் துணிக்குள்ள தலைய வுட்ட பாய்க்கு அது தெரியாதா? இருட்டா இருக்குன்னு ஒருநாளும் உள்ள பாக்காதவன் நம்ம வூட்ல ஒருத்தன்தான்...”

எழிலன் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

“பாண்டிச்சேரில ஒருத்தன் நல்ல வெல சொன்னான்க்கா... அவன் எடுத்துட்டுப் போன பொறவு இந்தப் பொம்மைய வாங்குனேன். அப்பதான் கோடு ஞாபகம் வந்து, நானே போட்டேன்.”

“கேட்டிருந்தா குடுத்திருப்பேனேடா!”

அவளுக்கு அழுகைகூட வரவில்லை.

ஏட்டு கையை ஓங்கினார். குறுக்கே வந்தது ஒரு டம்ளர் தண்ணீர். நீட்டியவர் அமீன்!

“மொதல்ல குடிக்கட்டும் சார். புள்ளைக்கு நாக்கு ஒட்டிப் போயிருக்கு.”

மறுநாளே ஏட்டு மூலமாகப் பாண்டிச்சேரியிலிருந்து கேமரா திரும்பி வந்தது. அதன் பிலிம் சட்டத்துக்குள் ஒரு நெகட்டிவ். கூடவே அப்பாவின் கையெழுத்தில் ஒரு துண்டுக் காகிதம்.

‘அமீன் சம்சாரம். அவர் கேட்கும்போது கொடுக்கணும்.’

அந்த வெள்ளிக்கிழமை விடியற்காலை. மேல வீதியில் ஆள் நடமாட்டமே இல்லை. இளவரசி கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டாள். அந்த நெகட்டிவிலிருந்து போட்ட பிரிண்டை ஒரு கவரில் வைத்து, பூட்டியிருந்த அமீன் கடை ஷட்டருக்கு அடியில் தள்ளினாள். பெயர் எழுதவில்லை. திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

கவருக்குள் சர்புன்னிசாவை நேராகத்தான் வைத்திருந்தாள்.

அமீன் வீட்டு மனிதர்களைத் தலைகீழாகப் பார்த்தது ஒரு தடவை போதாதா!